பள்ளிப் பிள்ளையை வேலைக்கு வைக்கலாமா? சிங்கப்பூரில் கடைக்காரர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கத்துச் சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஜூன் விடுமுறை வந்தால் ஒரு சுற்று, தீபாவளி நெருங்கினால் இன்னொரு சுற்று என்று அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கும். கேட்பவர்கள் மூன்று வகை: ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் முதலாளி, பிள்ளை வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறது என்று கவலைப்படும் பெற்றோர், சொந்தமாக நாலு காசு பார்க்க ஆசைப்படும் பிள்ளை. நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கணக்குப் பிள்ளையாக நான் தெரிந்து வைத்திருந்தே ஆகவேண்டும். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன்.

பையனுக்கு 12 முடியப் போகுது, நல்ல சுறுசுறுப்பு. லீவுல கடையில நிக்க வச்சு கொஞ்சம் சம்பளம் குடுக்கலாமா?

கூடாது. வேலை நியமனச் சட்டப்படி 13 வயது நிறையாத பிள்ளையைச் சம்பளத்துக்கு வேலைக்கு வைக்க முடியாது. சுறுசுறுப்பு, உயரம், மீசை முளைத்திருப்பது எதுவும் கணக்கில் வராது.

13 நிறைந்து 15 நிறையாதவர் சட்டத்தின் பார்வையில் 'குழந்தை'. 15 நிறைந்து 16 நிறையாதவர் 'இளையர்'. இந்த இரண்டு பிரிவுக்கும் விதிகள் கொஞ்சம் வேறுபடும். கீழே நான் 13-14, 15 என்றே எழுதுகிறேன், குழப்பம் இருக்காது.

மனிதவள அமைச்சோட பக்கத்துல குறைந்தபட்ச வயசு 17ன்னு இருக்கே, நீங்க 13ன்னு சொல்றீங்க?

இரண்டும் அங்கேதான் இருக்கிறது, அடுத்தடுத்த வரியில். வேலை செய்வதற்கான பொதுவான குறைந்தபட்ச வயது 17. ஆனாலும் 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களைச் சில கட்டுப்பாடுகளோடு வேலைக்கு வைக்கலாம் என்று போட்டிருப்பார்கள். முதல் வரியை மட்டும் படித்தவர்கள் பயந்து விடுகிறார்கள். இரண்டாவது வரியை மட்டும் படித்தவர்கள் 'கட்டுப்பாடுகளோடு' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வம்பு வருவது பெரும்பாலும் அந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான்.

உயர்நிலை மூணு படிக்கிற பிள்ளைன்னா 15 தானே? அதைப் பார்த்துச் சேர்த்துக்கலாம்ல?

வகுப்பைப் பார்க்காதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள். உயர்நிலை மூன்றில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வருடத்தில் 15 நிறையும், சரி. ஆனால் நவம்பரில் பிறந்த பிள்ளைக்கு அந்த வருட ஜூன் விடுமுறையில் இன்னும் 14தான். பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் நண்பன் பிப்ரவரியில் பிறந்தவன் என்றால் அவனுக்கு 15 ஆகியிருக்கும். ஒரே வகுப்பு, ஒரே கடை, ஆனால் இரண்டு பேருக்கும் வேறு வேறு நேர வரம்பு.

உயர்நிலை ஒன்றில் இது இன்னும் சிக்கல். அக்டோபரில் பிறந்த பிள்ளை ஜூனில் 12 வயதுதான், வேலைக்கே எடுக்க முடியாது. அடையாள ஆவணத்தில் பிறந்த தேதியைப் பார்த்து, எந்த நாளில் அடுத்த வயதுக்கு மாறுகிறது என்பதை வேலை அட்டவணையின் ஓரத்திலேயே எழுதி வைக்கச் சொல்கிறேன் நான். கேட்கிறவர்கள் பாதிப் பேர்தான்.

சரி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

13-14 வயது என்றால் ஒரு நாளில் அதிகபட்சம் 6 மணி நேரம். தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது, நடுவில் 30 நிமிட இடைவேளை தரவேண்டும். 15 வயது என்றால் ஒரு நாளில் 7 மணி நேரம், தொடர்ச்சியாக 4 மணி நேரத்துக்குப் பிறகு 30 நிமிட இடைவேளை. இரு பிரிவினருக்கும் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை வேலை கிடையாது. வார ஓய்வு நாளிலும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது.

'இன்றைக்குக் கூட்டம், நாளைக்குச் சேர்த்து ரெஸ்ட் எடுத்துக்கோ' என்ற பேச்சு செல்லாது. வரம்பு நாளுக்கு நாள். வியாழக்கிழமை 2 மணி நேரம் குறைத்தேன், அதனால் சனிக்கிழமை 2 மணி நேரம் கூட்டினேன் என்று சரிக்கட்ட முடியாது.

ஸ்கூல் விட்டு வந்ததும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும். 6 மணி நேரத்துக்குக் கிட்டயே வரலையே, அது போதாதா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன் என்று சொல்லலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மேலே சொன்ன 6 மணியும் 7 மணியும் வேலைக்கு மட்டுமான எண் இல்லை. பள்ளியில் இருக்கும் நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் அதற்குள் அடங்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பள்ளி காலை 7.30க்குத் தொடங்கி மதியம் 1.45க்கு விடுகிறது என்று வைப்போம். அதுவே 6 மணி 15 நிமிடம். 14 வயதுப் பிள்ளைக்கு அன்றைய வரம்பு பள்ளியிலேயே தீர்ந்துவிட்டது, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. 15 வயதுப் பிள்ளைக்கு மிச்சம் 45 நிமிடம். வீட்டிலிருந்து கடைக்கு வந்து ஏப்ரன் மாட்டுவதற்குள் முடிந்துவிடும்.

அதனால் 16 நிறையாத பிள்ளைக்குப் பள்ளி நாள் மாலை வேலை என்பது நடைமுறையில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பது சனி ஞாயிறும் விடுமுறையும்தான்: மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் 4 வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், வருடக் கடைசியில் 6 வாரம். இதைச் சொன்னதும் முகம் வாடும் முதலாளிகள் உண்டு. ஆனால் மாலை நேரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் 16 தாண்டியவர்களைத் தேடுவதுதான் வழி.

இணைப்பாட நடவடிக்கையெல்லாம் ஸ்கூல் நேரமா? அது விளையாட்டுதானே?

சனிக்கிழமை காலை பள்ளியில் கால்பந்துப் பயிற்சி 3 மணி நேரம், மதியம் கடையில் 5 மணி நேரம், இது சரியா என்று கேட்டார் ஒருவர். பயிற்சியை எண்ணாமல் விடலாம் என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் நான் சேர்த்துத்தான் எண்ணுவேன். பிள்ளை பள்ளியில் இருந்தது, பள்ளி ஏற்பாட்டில் இருந்தது. வெயிலில் ஓடிவிட்டு வந்த பிள்ளையை மறுபடி 5 மணி நேரம் நிற்க வைப்பதைத் தடுக்கத்தானே அந்தச் சேர்த்து எண்ணும் விதியே இருக்கிறது. அன்றைக்கு 14 வயதுப் பிள்ளை என்றால் 3 மணி நேரத்தோடு அனுப்பிவிடுங்கள்.

தீபாவளிக் கடை ராத்திரி 12, 1 மணி வரைக்கும் ஓடும். கடைசி ரெண்டு நாள் மட்டும் கொஞ்சம் கண்டுக்காம விட மாட்டாங்களா?

தீபாவளிக்கு விதிவிலக்கு எதுவும் எழுதி வைக்கவில்லை. 16 நிறையாத பிள்ளை இரவு 11 மணிக்குக் கடையை விட்டுப் போயிருக்க வேண்டும். 'வேலை 11 மணிக்கு முடிஞ்சது, சாமான் எடுத்து வைக்கத்தான் கூட இருந்தான்' என்றால் சாமான் எடுத்து வைப்பதும் வேலைதான்.

இன்னொன்றும் உண்டு. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருவதால் முந்தைய வாரங்கள் பெரும்பாலும் பள்ளி நாட்களாகவே இருக்கும், பரீட்சை நேரமும் அதுதான். மேலே சொன்ன கூட்டல் கணக்கு அப்போது முழுசாகப் பொருந்தும். வளையல், தோரணம், அகல் விளக்கு விற்க வார இறுதிப் பகல் நேரத்தில் பிள்ளைகளையும், இரவு நேரத்தில் பெரியவர்களையும் போடும் கடைகளுக்கு எந்தத் தொல்லையும் வந்து நான் பார்த்ததில்லை. வியாபாரமும் குறையவில்லை.

'இலகுவான வேலை'ன்னு சட்டத்துல இருக்காம். இலகுன்னா யாருக்கு இலகு?

பிள்ளைக்கு. 13-14 வயதுப் பிள்ளை தன் சக்திக்கு ஏற்ற இலகுவான வேலையைத்தான் செய்யலாம், அதுவும் தொழில்துறை அல்லாத இடத்தில். துணியை மடித்து அடுக்குவது, விலைச்சீட்டு ஒட்டுவது, ஆர்டர் எடுப்பது, கல்லாவில் உதவுவது இதெல்லாம் சரி. 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் போடச் சொன்னால் அதை யாரும் இலகு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வயது 13 ஆனாலும் 15 ஆனாலும் சிலது அறவே கூடாது: ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை இயக்குவதோ அதன் பக்கத்தில் நிற்பதோ, சரியாகக் காப்பிடப்படாத மின்சாரச் சாதனங்கள், நிலத்தடி வேலை, உடல்நலத்தைக் கெடுக்கக்கூடிய இடமோ சூழலோ. மாவு அரைக்கும் கிரைண்டர், மசாலா மில், இறைச்சி வெட்டும் இயந்திரம், தேங்காய் துருவும் மோட்டார் எல்லாம் இதில் அடங்கும். 'சுவிட்ச் மட்டும்தான் போடுவான்' என்பார்கள். விரல் போவது சுவிட்ச் போட்ட பிறகுதான்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. உணவு தயாரிப்பில் கை வைக்கும் யாராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை முடித்து, சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். ரெண்டு வாரத்துக்கு வரும் பிள்ளையை மேசை துடைக்கவும் ஆர்டர் எடுக்கவும் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு அனுப்பாமல் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

எங்க துணிக்கடைக்குப் பின்னாலேயே தையல் ரூம் இருக்கு. அது தொழிற்சாலை இல்லையே?

பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான். பொருட்களைத் தயாரிப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது, விற்பனைக்கு ஏற்றபடி ஆக்குவது, கட்டுமானம், சாலைவழி சரக்குப் போக்குவரத்து, கிடங்கில் சரக்கைக் கையாளுவது எல்லாம் தொழில்துறைக்குள் வரும். அப்படிப் பார்த்தால் முன்னால் புடவை காட்டுவது கடை வேலை. பின்னால் ரவிக்கை தைப்பது தொழில்துறைப் பக்கம் சாய்கிறது. நகைக்கடையின் முன்பக்கமும் பின்னால் உள்ள பட்டறையும் அப்படியே. வாடகைக்கு எடுத்த சின்ன யூனிட்டில் முறுக்குச் சுற்றி பாக்கெட் போடுகிறீர்களா, அதுவும் அப்படியே.

13-14 வயதுப் பிள்ளையை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும். 15 வயது இளையரை வைக்கலாம், ஆனால் வேலைக்கு எடுத்த 30 நாட்களுக்குள் தொழிலாளர் ஆணையருக்குத் தெரிவித்து, வேலைக்குத் தகுதியான உடல்நிலை என்ற மருத்துவச் சான்றையும் கொடுக்க வேண்டும். இயந்திரம் பற்றி மேலே சொன்ன தடை அப்போதும் நிற்கும். இத்தனை பாடும் ஒரு மாத விடுமுறை வேலைக்கா என்று பார்த்தால், முன் கடையில் நிறுத்திவிடுவது மேல்.

சொந்தக் கடை, சொந்தப் பிள்ளை. இதுல யாரு கேக்கப் போறா?

வீட்டுப் பிள்ளை பள்ளி முடிந்து கடைக்கு வந்து பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவதையும், அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுப்பதையும் யாரும் வேலை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் கடை ஒரு நிறுவனமாகப் பதிவாகி, பிள்ளைக்கு மாதாமாதம் சம்பளம் என்று செலவுக் கணக்கில் எழுதினால் பிள்ளை ஊழியர், அப்பா முதலாளி. 13 வயது வரம்பும் நேர வரம்பும் அப்படியே பொருந்தும். மேலே சொன்ன குடும்ப விதிவிலக்கு தொழில்துறை இடங்களுக்கு மட்டும்தான். அது நேரத்தைக் கூட்டிக் கொடுக்காது. கடையில் வெளியாள் ஒருவர் வேலை செய்தாலும் அந்த விதிவிலக்கு போயிற்று.

அம்மா அப்பா சம்மதம்னு எழுதி கையெழுத்து வாங்கிட்டா நம்ம மேல தப்பு வராதுல்ல?

வரும், கையெழுத்துப் போட்டவர் மேலும் சேர்ந்து வரும். விதியை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைப்பவரும், தெரிந்தோ அசட்டையாகவோ அதை அனுமதிக்கும் பெற்றோரும் பாதுகாவலரும் குற்றவாளிகள். 5,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'என் மகள் இரவு 12 மணி வரை வேலை செய்யச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நீங்களே சாட்சியம் எழுதிக் கொடுப்பதுதான்.

அதற்காகப் பெற்றோரிடம் சொல்லாமல் எடுங்கள் என்று அர்த்தமில்லை. எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும், யாரிடம் கேட்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு போன் சண்டை மிச்சம்.

சின்னப் பிள்ளைதானே, மணிக்கு 5 வெள்ளி குடுத்தா போதாதா?

சிங்கப்பூரில் எல்லாருக்குமான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. வயது குறைவு என்பதற்காகக் குறைத்துக் கொடுக்கலாம் என்றும் எங்கும் எழுதவில்லை. ஆனால் உங்கள் கடையில் ஒர்க் பர்மிட், எஸ் பாஸ் அனுமதியில் வந்த வெளிநாட்டு ஊழியர்கள் இருந்தால் உள்ளூர் ஊழியர்களுக்கான தகுதிச் சம்பளம் என்ற கீழ்வரம்பு ஒன்று உண்டு. 2024 ஜூலையில் அது முழுநேரத்துக்கு மாதம் 1,600 வெள்ளி, பகுதிநேரத்துக்கு மணிக்கு 10.50 வெள்ளி என்று ஆனது. உங்கள் துறைக்கு இப்போது நடப்பில் இருக்கும் எண் எது என்பதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். சில்லறை விற்பனைக்கும் உணவுக் கடைகளுக்கும் படிப்படியாக உயரும் சம்பள முறையும் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். பக்கத்துக் கடைத் தொகுதியில் இரட்டிப்பாகக் கொடுக்கும்போது உங்களிடம் 5 வெள்ளிக்கு ஒரு பிள்ளை நிற்கும் என்று நினைக்கிறீர்களா?

மசேநி கட்டணுமா?

மசேநி என்பது மத்திய சேமநிதி, ஊழியர் பெயரில் கட்டும் கட்டாயச் சேமிப்பு. கட்ட வேண்டுமா என்பது பிள்ளை எப்போது வேலை செய்தது என்பதைப் பொறுத்தது. உயர்நிலைப் பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளை, அரசாங்கம் அறிவித்த பள்ளி விடுமுறை நாட்களில் வேலை செய்தால் மத்திய சேமநிதி கட்ட வேண்டியதில்லை. அதே பிள்ளை பள்ளித் தவணை நடக்கும்போது சனி ஞாயிறுகளில் வேலை செய்தால் கட்ட வேண்டும். நிறையப் பேர் 'மாணவர் என்றால் மசேநி இல்லை' என்று ஒரே வரியாக மனத்தில் போட்டுக்கொள்கிறார்கள். மசேநிக் கழகத்திலிருந்து கடிதம் வரும்போதுதான் தெரியும்.

மாதச் சம்பளம் 50 வெள்ளிக்கு மேல் போனால் முதலாளியின் பங்கு தொடங்கும், 17 விழுக்காடு. ஊழியரின் பங்கு 500 வெள்ளியைத் தாண்டினால்தான் தொடங்கும், 750 வரை குறைந்த அளவில். ஆகவே சனி ஞாயிறு வந்து மாதம் 400 வெள்ளி வாங்கும் பிள்ளைக்கு நீங்கள் 68 வெள்ளி கட்ட வேண்டும், பிள்ளையின் கையில் முழு 400 வெள்ளியும் போகும். அதிலிருந்து பிடித்துக்கொள்ளக் கூடாது. ஓ லெவல் என்ற உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளை டிசம்பரில் சேர்ந்து ஜனவரியிலும் தொடர்ந்தால், விடுமுறைக்குப் பிந்தைய சம்பளத்துக்குக் கட்டுங்கள்.

அப்ப பிள்ளை பேர்ல மசேநி கட்டி லோக்கல் ஆள் கணக்குல காட்டினா, இன்னொரு ஒர்க் பர்மிட் கிடைக்குமே?

அண்ணே, இதை என்னிடம் மட்டும் கேட்டதாக இருக்கட்டும். எத்தனை வெளிநாட்டு ஊழியர்களை வைக்கலாம் என்பது உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதற்காக, வேலைக்கு வராத உள்ளூர்க்காரர் பெயரில் மசேநி கட்டி அந்த ஒதுக்கீட்டைக் கூட்டுவது வெளிநாட்டு ஊழியர் சட்டத்தின் கீழ் குற்றம். அதில் பிள்ளையின் அடையாள எண்ணை மாட்டிவிடுவது அதைவிட அசிங்கம்.

முதல் ரெண்டு நாள் டிரெயினிங், சம்பளம் இல்லைன்னு சொல்றாங்க. சரியா அக்கா?

சரியில்லை தம்பி. உன்னைக் கூப்பிட்டு, நேரம் சொல்லி, வேலை வாங்கினால் அது வேலை. சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும், விவரமான சம்பளச் சீட்டும் தரவேண்டும். கையால் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. 14 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை என்றால் மணிக்கு எவ்வளவு, என்ன வேலை, எத்தனை மணி நேரம் போன்ற முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டும். பணம் வங்கியில் போடுவதென்றால் உன் பெயரில் உள்ள கணக்கிலோ நீயும் சேர்ந்திருக்கும் கூட்டுக் கணக்கிலோதான் போகவேண்டும்.

வேலை செய்த நாள், உள்ளே போன மணி, வெளியே வந்த மணி மூன்றையும் போனில் குறித்து வை. பின்னால் தகராறு வந்தால் அதுதான் பேசும்.

கல்லாவுல 60 வெள்ளி குறையுது, அந்தப் பொண்ணுதான் நின்னா. சம்பளத்துல பிடிச்சுக்கலாமா?

அந்தப் பெண்ணின் தவறால்தான் குறைந்தது என்று தெரியவேண்டும், அவள் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது, ஒரே தடவைதான். 200 வெள்ளி சம்பளம் என்றால் 50 வெள்ளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கல்லாவில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிக் கை வைத்திருந்தால் யார் தவறு என்று எப்படிச் சொல்வீர்கள்? 14 வயதுப் பிள்ளையை இரவுக் கணக்கு முடிக்க விட்டது யார் என்ற கேள்வியும் இருக்கிறதே.

சொல்லாம கொள்ளாம நின்னுட்டான். நோட்டீஸ் பணம் கேக்கலாமா?

பெரியவர் ஒருவர் 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்து, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் எழுதாமல் இருந்தால் ஒரு நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும், தராவிட்டால் அதற்கான பணத்தைக் கேட்கலாம். ஆனால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் அதைக் கேட்க முடியாது. அவர்கள் வேலை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அது அவர்களுக்கு நன்மையாக இருந்தால் மட்டுமே அவர்களைக் கட்டுப்படுத்தும். ஒப்பந்தத்தை மீறியதற்காக அவர்களிடமிருந்து நஷ்டஈடு வசூலிக்க வழியில்லை. 'மூன்று மாதத்துக்கு முன் நின்றால் 300 வெள்ளி' என்று எழுதி வாங்கும் தாளெல்லாம் பிள்ளையைப் பயமுறுத்த மட்டும்தான் உதவும். வேலை செய்த நாட்களுக்கான சம்பளத்தை நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பணம் கேட்க முடியாது என்பதற்காக மெசேஜ்கூட அனுப்பாமல் மறைந்துவிடாதீர்கள். தேக்காவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

கடையில வழுக்கி விழுந்து கை உடைஞ்சா யாரு செலவு?

முதலாளி. வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் பகுதிநேர ஊழியரையும் சேர்த்தே காக்கிறது, வயது தடையில்லை. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்பு நாட்களுக்கான சம்பளம், நிரந்தரப் பாதிப்பு இருந்தால் ஒரு தொகை, எல்லாம் அதில் வரும். உடலுழைப்பு வேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். பெட்டி தூக்குவதும் உடலுழைப்புதான். வேலையில் அடிபட்டு ஒரு நாள் மருத்துவ விடுப்புக் கிடைத்தாலும் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். 'ஸ்கூல்ல விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லு' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முதலாளியிடம் மறுநாள் அனுப்பாதீர்கள்.

பிள்ளை இந்தியாவிலேர்ந்து வந்து இங்க படிக்குது. வேலை செய்யலாமா?

எந்த அட்டையில் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டூடண்ட் பாஸ் என்றால், 14 வயது நிறைந்து, அமைச்சின் பட்டியலில் உள்ள பள்ளியில் முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை விடுமுறையில் ஒர்க் பாஸ் இல்லாமல் வேலை செய்யலாம். பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இதுவரை சொன்ன நேர வரம்புகளும் கூடவே பொருந்தும்.

அப்பா அம்மாவின் வேலை அனுமதியை ஒட்டி டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சலுகை இல்லை. 2021 மே 1 முதல் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய ஒர்க் பாஸ் தேவை. ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று வேலை செய்யலாம், மற்றது கூடாது என்று ஆகும். பெற்றோர்கள் கோபப்படுகிறார்கள், ஆனால் விதி அப்படித்தான்.

அண்ணன் பேர்ல டெலிவரி அக்கவுண்ட் இருக்கு. 15 வயசு, சைக்கிள்ல ஓட்டிக் குடுக்கலாம்ல?

வேண்டாம். இன்னொருவர் கணக்கில் ஓடுவதை உணவு விநியோகத் தளங்கள் தடை செய்திருக்கின்றன, பிடிபட்டால் அண்ணனின் பிழைப்பு போகும். மின்சைக்கிள் என்றால் 16 வயது நிறையாமல் ஓட்டுவதே குற்றம். அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், யாருடைய கையும் உயராது.

நான் 15, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதுக்கும் இந்த ரூல்ஸா?

நீயே நேரம் வைத்து, நீயே கட்டணம் சொல்லி எடுத்தால் உனக்கு முதலாளி இல்லை. அதனால் மேலே உள்ள விதிகள் வராது. இணையத்தில் வளையல் செய்து விற்பதும் அப்படித்தான். ஆனால் ஒரு டியூஷன் நிலையம் உன்னை மணிக் கணக்கில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால், அவர்கள் 'ஃப்ரீலான்ஸ்' என்று சொன்னாலும், நேரமும் வேலை முறையும் அவர்கள் கையில் என்றால் நீ ஊழியர்தான்.

ரெண்டு கடையில வேலை செஞ்சா? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தனித்தனி முதலாளி.

வரம்பு பிள்ளையின் நாளுக்கு, கடைக்கு இல்லை. நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன். காலையில் ஒரு கடையில் 4 மணி நேரம் நின்ற 15 வயதுப் பிள்ளைக்கு மாலையில் 3 மணி நேரம்தான். இரண்டாவது முதலாளி 'எனக்குத் தெரியாது' என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் இருக்கக்கூடாது, சேர்க்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு இடமும் தெரிந்த ஒரே ஆள் பெற்றோர். மேலே அபராதம் பற்றிச் சொன்னதில் 'அசட்டையாக' என்ற சொல் இருந்ததே, அது இங்கேதான் கடிக்கும்.

டிசம்பர்ல 16 ஆகுது. ஓ லெவல் நவம்பர்ல முடியுது. நடுவுல?

பிறந்தநாள் வரை 15தான், பரீட்சை முடிந்ததால் வயது கூடாது. பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை 7 மணி நேரம், இரவு 11 மணிக்கு மேல் இல்லை. பள்ளி முடிந்துவிட்டதால் சேர்த்து எண்ணப் பள்ளி நேரம் மட்டும் இருக்காது. 16 ஆனபின் பெரியவர்களுக்கான பொது விதிகள்: வழக்கமாக நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 44, இரவு வேலையும் செய்யலாம். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவான ஒப்பந்தம் என்றால் பகுதிநேர ஊழியர். 3 மாதம் தாண்டினால் விடுப்பும் அந்த விகிதத்தில் உண்டு.

சம்பளமே தரலை. சின்னப் பிள்ளை பேச்சை யாரு கேப்பா?

கேட்பார்கள். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள், தேதி, மணி நேரம், தொகை போட்டு. நடக்கவில்லை என்றால் டிஏடிஎம் என்று எல்லாரும் சொல்லும், வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் முத்தரப்பு அமைப்பில் புகார் கொடுக்கலாம். முதலில் சமரசம், அதுவும் நடக்கவில்லை என்றால் வேலை நியமனக் கோரிக்கைகள் நடுவர் மன்றம். வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும். அப்பாவோ அம்மாவோ கூடப் போங்கள்.

விதியை மீறிய நேரத்தில் வேலை செய்ததால் புகார் கொடுத்தால் நாமும் மாட்டுவோமோ என்று தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டம் தண்டிப்பது வேலைக்கு வைத்தவரையும் தெரிந்தே விட்ட பெரியவரையும்தான். வேலை செய்த பிள்ளையை இல்லை.